12 பக்கத்தை 3-6-3 என்று பிரித்து மாட்டிக்கொண்ட கதை

குறும்படத் திரைக்கதையை மூன்று ஆக்டாக (ஆரம்பம், நடு, முடிவு என்ற பகுதிகளாக) பிரித்து எழுதிய அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் அசட்டுத்தனமானது, இருந்தாலும் சொல்கிறேன்.

சிட் ஃபீல்ட் 1979இல் எழுதிய திரைக்கதைப் புத்தகத்தைப் படித்த சூட்டோடு உட்கார்ந்தேன். அவர் 120 பக்க முழுநீளப் படத்துக்கு 30, 60, 30 என்று பங்கு போட்டிருப்பார். நான் அதை அப்படியே பத்தால் வகுத்து 3, 6, 3 என்று கோடு கிழித்துவிட்டேன். கதை இதுதான்: பழுதாகி நின்ற லிஃப்டைச் சரிபண்ண ஒரு மெக்கானிக் போகிறான், உள்ளே மாட்டியிருப்பவர் போன மாதம் அவனை வீட்டைக் காலி பண்ண வைத்த வீட்டுக்காரர். முதல் மூன்று பக்கத்தில் அவன் குடும்பம், வாடகைச் சண்டை, தெருவில் கிடக்கும் சாமான்கள் என்று எல்லாம் வைத்திருந்தேன். அறிமுகம் வேண்டுமே!

நண்பர்கள் ஐந்து பேரை ஆளுக்கொரு பாத்திரமாக வாசிக்க வைத்து, போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். மெக்கானிக் லிஃப்ட் பக்கத்தில் போய் நிற்கவே 4 நிமிடம் 40 வினாடி ஆகிவிட்டது. "படம் எப்ப ஆரம்பிக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள், கிண்டல்கூட இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

அறிமுகத்தைச் சுருக்கிப் பார்த்தேன், டிரெய்லர் மாதிரி ஆனது. கடைசியில் மூன்று பக்கத்தையும் தூக்கிப் போட்டேன். இப்போது படம் இப்படித் தொடங்கும்: மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் கத்துகிறது, மெக்கானிக் பையைத் திறக்கப் போகிறான், குரல் யாருடையது என்று புரிந்ததும் கை அப்படியே நிற்கிறது, பையை மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்துகொள்கிறான். முதல் ஆக்ட் அவ்வளவுதான், 50 வினாடி. ஏன் உட்கார்ந்தான் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது, அந்தக் கேள்விதான் இரண்டாம் ஆக்டையே இழுத்துக்கொண்டு போனது. வீடு காலி பண்ண வைத்த விஷயத்தை, உள்ளே இருப்பவர் வேறொரு குடித்தனக்காரரைப் போனில் மிரட்டுவதிலேயே சொல்லிவிட முடிந்தது. (ஆரம்பம், நடு, முடிவு என்றுதான் அரிஸ்டாட்டில் சொன்னார், எதற்கு எத்தனை சதவீதம் என்று சொல்லவே இல்லை. அந்த வேலையை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.)

மூன்றாம் ஆக்டில் இரண்டு பக்கத்துக்கு மன்னிப்பு வசனம் இருந்தது. அதுவும் போயிற்று. கதவு திறக்கிறது, வியர்த்து வழிய வெளியே வரும் வீட்டுக்காரருக்கு இவனை அடையாளமே தெரியவில்லை, சட்டைப் பையில் ஒரு நோட்டைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார்.

*

லிஃப்ட் கதை எழுதியவர் மாதிரி இந்தப் பக்கக் கணக்கில் நானும் அடிபட்டிருக்கிறேன். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது 12 பாயின்ட் கூரியர் எழுத்தில் ஆங்கிலத்தில் அடிக்கும் ஸ்கிரிப்டை வைத்து வந்த கணக்கு. தமிழில் எழுத்துரு மாறினாலே பக்கம் மாறிவிடும். அதைவிட மோசம் செயல் வரிகள், அதாவது வசனம் இல்லாமல் நடப்பதை மட்டும் சொல்லும் வரிகள். "அவள் காத்திருக்கிறாள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன், எடிட்டில் அது ஒன்றரை நிமிடம். 8 பக்க ஸ்கிரிப்ட் 13 நிமிடப் படமாக வந்து நின்றது, வெட்டியது முழுக்க நடு ஆக்டில்தான். அதிலிருந்து பக்கத்தை எண்ணுவதில்லை, ஒவ்வொரு காட்சியையும் கண்ணை மூடி ஓட்டிப் பார்த்து ஓரத்தில் வினாடி எழுதிவிடுகிறேன்.

*

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன்: மூன்று ஆக்ட் ஒத்துவராதவர்கள் கிஷோதென்கெத்சு என்ற ஜப்பானியக் கதை அமைப்பைப் பாருங்கள். அறிமுகம், வளர்ச்சி, திருப்பம், இணைப்பு என்று நாலு பகுதி. மோதல் கட்டாயம் இல்லை. எனக்கு 5 நிமிடப் படத்துக்கு நன்றாகவே உட்கார்ந்தது. ஆனால் மூன்றாவது பகுதியில் வருவது முதல் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது போல இருக்கவேண்டும், அங்கே பயந்துபோய் முன்கூட்டியே குறிப்புக் கொடுத்தால் காலி.

*

லிஃப்ட் கதை அருமை, ஆனால் முதல் ஆக்டை வெட்டுவதை எல்லாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் அப்படி வெட்டித்தான் கெடுத்தேன். என் படத்தின் கடைசியில் ஒரு சிறுவன் தன் சைக்கிளை விற்கிறான். அவன் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கும் 20 வினாடிக் காட்சியை வேகத்துக்காக நீக்கிவிட்டேன். திரையிட்டபோது முடிவு ஒருவர் மனதையும் தொடவில்லை, ஒரு பையன் சைக்கிள் விற்கிறான், அவ்வளவுதான். திரும்பச் சேர்த்தேன்.

*

சைக்கிள் நண்பருக்கு: நீங்கள் சொல்வது சரி. உங்கள் 20 வினாடி கடைசியில் திரும்ப வேலை செய்கிறது, என் மூன்று பக்கம் கடைசியில் எதற்குமே தேவைப்படவில்லை. ஒரு கேள்வி, அந்தக் காட்சியைப் பழைய இடத்திலேயே வைத்தீர்களா, இல்லை நடுவில் எங்காவது நகர்த்தினீர்களா?