விண்டோஸ், மேக், லினக்ஸ்: லேப்டாப் திருடுபோனால் எது தாங்கும்?

சர்வர்சாமி:
எந்த ஓஎஸ்ல வைரஸ் கம்மிங்கிற கணக்கை விடுங்க, திருட்டைப் பார்ப்போம். உபுண்டு (லினக்ஸ்ல ஒரு வகை) லைவ் யூஎஸ்பி, அதாவது இன்ஸ்டால் பண்ணாமலே ஓடற பென்டிரைவைச் செருகி பூட் பண்ணினா, என்க்ரிப்ட் ஆகாத (சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டாத) விண்டோஸ் டிஸ்க் பென்டிரைவ் மாதிரி திறந்துக்கும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள பான் கார்டு ஸ்கேன் வரைக்கும் கிடைக்கும். பாஸ்வேர்டைக் கேட்க வேண்டிய விண்டோஸ்தான் அங்கே ஓடவே இல்லையே! லினக்ஸ் டிஸ்க்குக்கும் இதே கதிதான். உபுண்டு இன்ஸ்டாலர்ல என்க்ரிப்ஷனை நாமதான் தேடித் தேர்ந்தெடுக்கணும். விட்டுட்டா, பேக்கப் எடுத்து மறுபடி இன்ஸ்டால் பண்றதுதான் நோகாத வழி.

நீலத்திரை:
விண்டோஸ் 11ல் நிலைமை கொஞ்சம் தேவலை. 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் எடிஷனிலும் டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்க் முழுவதையும் பூட்டும் வசதி) தானாக ஆன் ஆகும். லோக்கல் கணக்கு (அந்த மெஷினுக்குள் மட்டும் இருக்கும் கணக்கு) வைத்திருப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கும், ஆனால் சாவியும் அதே டிஸ்க்கில் திறந்தே கிடக்கும். பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை. சி டிரைவ் ஐகானில் பூட்டோடு மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அதுதான் விஷயம்.

என்க்ரிப்ட் ஆன டிஸ்க்கைத் திறக்க உதவும் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸ் (மெஷினைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலோ, லினக்ஸ் போடுவதற்காக செக்யூர் பூட் (மெஷின் தொடங்கும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் வசதி) அமைப்பை அணைத்தாலோ, அடுத்த முறை ஆன் செய்யும்போது நீல நிறத் திரை வந்து அதைக் கேட்கலாம். கீ இல்லையென்றால் டேட்டா போனதுதான், சர்வீஸ் சென்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதலில் பிட்லாக்கரை (விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன்) சஸ்பெண்ட் செய்துவிட்டு அப்டேட்டைத் தொடுங்கள்.

ஆப்பிள்தோட்டம்:
மேக்ல டி2 சிப் (ஆப்பிளோட பாதுகாப்புச் சிப்) இருக்கிற இன்டெல் மாடல்கள், எம் வரிசை (ஆப்பிளோட சொந்த சிப்) மாடல்கள்ல ஸ்டோரேஜ் எப்பவுமே என்க்ரிப்ட் ஆகித்தான் இருக்கும். ஸ்டோரேஜ் சிப்பைக் கழற்றி வேற மெஷின்ல வெச்சாலும் படிக்க முடியாது. ஆனா ஃபைல்வால்ட் (மேக்கோட டிஸ்க் என்க்ரிப்ஷன் வசதி) ஆன் பண்ணினாத்தான் அந்தச் சாவி உங்க பாஸ்வேர்டோட பிணையும். டி2 இல்லாத பழைய இன்டெல் மேக்ல ஃபைல்வால்ட் இல்லேன்னா, சாமி சொன்ன விண்டோஸ் கதைதான்.

நீலத்திரை:
ஒரு எச்சரிக்கை: இந்த என்க்ரிப்ஷன் எதுவும் ரான்சம்வேரை (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) தடுக்காது. மெஷின் ஓடும்போது டிஸ்க் திறந்துதான் இருக்கும். வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது 2017 மே 12. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14லேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

சர்வர்சாமி:
சரிதான். லினக்ஸ்காரங்களுக்கு இன்னும் ரெண்டு. லக்ஸ் (லினக்ஸோட டிஸ்க் என்க்ரிப்ஷன்) ஹெடர், அதாவது சாவி விவரம் இருக்கிற டிஸ்க்கோட முன்பகுதி, கெட்டுப்போனா சரியான பாஸ்வேர்டு தெரிஞ்சும் டிஸ்க் திறக்காது. லக்ஸோட புதிய வடிவமான லக்ஸ்2ல அது வழக்கமா 16 எம்பிதான், கிரிப்ட்செட்டப்ங்கிற கமாண்ட்ல பேக்கப் எடுத்து வேற பென்டிரைவ்ல வைங்க. அப்புறம், மூடியைச் சாத்தினா மெஷின் ஸ்லீப்புக்குத்தான் போகும், சாவி ரேம்லயே இருக்கும். ரயில் ஏறுறதுக்கு முன்னாடி ஷட்டவுன் பண்ணிட்டு பையில வைங்க.