வெனிஸ் கெட்டோவில் வெள்ளி மாலை வழிபாடு: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நவம்பர் கடைசியில் அம்மாவும் நானும் வெனிஸ் போகிறோம். அங்குள்ள பழைய யூதர் குடியிருப்பான கெட்டோவுக்கென்றே ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறேன். 1516இல் யூதர்களை அங்கே குடியமர்த்தி, இரவானால் கதவைப் பூட்டிக் காவல் போட்டார்கள். 1797இல் நெப்போலியன் படை வந்த பிறகுதான் அந்தக் கதவுகள் போயின. உலகமெங்கும் புழங்கும் ‘கெட்டோ’ என்ற சொல்லே இந்த இடத்தின் பெயர்தான்.

சரி, இதெல்லாம் படித்தே தெரிந்துகொள்ளலாம். நான் பார்க்க விரும்புவது இன்றைய வாழ்க்கையை. இப்போது வெனிஸ் முழுவதிலும் சில நூறு யூதர்கள்தான் இருக்கிறார்கள், ஆனாலும் ஐந்து பழைய ஜெப ஆலயங்களில் இரண்டில் வழிபாடு தொடர்கிறது. கோடையில் ஸ்பானிய ஆலயம், குளிர்காலத்தில் லெவந்தைன் ஆலயம். அந்த விடாப்பிடி என்னை நெகிழ வைக்கிறது.

வெள்ளி மாலை சபாத் (யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள்) வழிபாட்டில் யூதர் அல்லாதவர்கள் ஓரமாக உட்காரலாமா? முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்க வேண்டுமா? பாஸ்போர்ட் கேட்பார்களா? அப்புறம், அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆலயம் மாடியில் இருக்கிறதே, ஏறுவது சிரமமா? படம் எடுக்கும் எண்ணம் துளியும் இல்லை. யாருடைய வழிபாட்டுக்கும் இடைஞ்சலாக இருந்துவிடக் கூடாது, அதுதான் என் கவலை.