பிங் படத்தின் மேல் வரையலாம், கூகுள் மேப்பைப் பார்த்து எழுதக் கூடாதா?

தெருவோரன்:
யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு பேட்டை முழுக்கத் தெருப் பெயர்களைச் சேர்த்தேன். கூகுள் மேப்பைப் பக்கத்தில் திறந்துவைத்துப் பார்த்து எழுதினேன். சேஞ்ச்செட் (ஒருமுறை சேர்த்து அனுப்பும் மாற்றங்களின் தொகுப்பு) குறிப்பிலும் அதை மறைக்காமல் சொன்னேன். மறுநாளே ஒருவர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். பிங் சாட்டிலைட் படத்தை அடியில் வைத்து எல்லோரும்தான் ட்ரேஸ் செய்கிறார்கள். அதுவும் ஒரு கம்பெனியின் சொத்துதானே? தெருவின் பெயர் ஊருக்கே பொது. அதற்கு யார் சொந்தம் கொண்டாட முடியும்?

நிலவளவை:
நண்பரே, அனுமதி இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. 2006இல் யாஹூ தன் வான்படங்களின் மேல் வரைய விட்டது. 2010 கடைசியில் மைக்ரோசாஃப்ட் பிங் படங்களுக்கு அனுமதி கொடுத்தது. கூகுள் கொடுக்கவில்லை. நாம் வரைவது ஓடிபிஎல் என்ற திறந்த தரவு உரிமத்தில் போகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து வியாபாரம்கூடச் செய்யலாம். நம்முடையது அல்லாததை அப்படித் தூக்கிக் கொடுக்க நாம் யார்? அப்புறம், பிங்கில் நீங்கள் பார்ப்பது புகைப்படம். எது ரோடு, எது வாய்க்கால் என்று முடிவெடுப்பது நீங்கள். கூகுள் மேப்பில் அந்த வேலையை வேறொருவர் செய்து முடித்துவிட்டார்.

தெருவோரன்:
1991 ஃபைஸ்ட் வழக்கைப் பாருங்கள். ஒரு டெலிபோன் டைரக்டரியில் இருந்த பெயர்களையும் எண்களையும் இன்னொரு கம்பெனி எடுத்துப் போட்டது. வெறும் தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெருப் பெயரும் தகவல்தான்.

நிலவளவை:
அது அமெரிக்கா. ஐரோப்பாவில் 1996 முதல் தரவுத்தளத்துக்கே தனி உரிமை உண்டு. ஒற்றைத் தகவல் தப்பினாலும் மொத்தமாக அள்ளினால் மாட்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை பதிவானது பிரிட்டனில். அதே பிரிட்டனில், அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்களைப் பிரதியெடுத்த தகராறில் ஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2001இல் 2 கோடி பவுண்டு கொடுக்க ஒத்துக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இந்தத் திட்டத்தைத் தொடங்கியதே ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தரவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்காததால்தான். அடுத்தவர் மேப்பைப் பார்த்து நிரப்புவதென்றால் இத்தனை பேர் இத்தனை வருடம் வரைந்திருக்கவே வேண்டாம்.

மலைப்பாதை:
நீங்கள் இருவரும் உரிமத்தைப் பேசுகிறீர்கள். எனக்கு அனுமதி உள்ள படத்தின் மேலேயே முழு நம்பிக்கை இல்லை. மலைப்பகுதியில் படம் நிஜ இடத்திலிருந்து பல மீட்டர் தள்ளி நிற்கும். புதுப் படம் வந்தால் அந்த விலகலும் மாறும். ஆளுக்கொரு படத்தில் வரைந்தால் ரோடு வீட்டுக்குள் புகுந்துபோகும். உயரமான கட்டடம் இன்னும் மோசம். சாய்வாக எடுத்த படத்தில் மொட்டைமாடி ஒரு பக்கமாகச் சரிந்து தெரியும். பலர் அந்த மாடியின் ஓரத்தைச் சுற்றி வரைந்துவிட்டுப் போகிறார்கள். சுவர் தரையைத் தொடும் மூலையைத் தேடி, வரைந்த வடிவத்தை அங்கே இழுத்து வைக்க வேண்டும். யார் செய்கிறார்கள்? நேரில் போங்கள்.

நிலவளவை:
அக்கா, விலகலைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஜோசம் என்ற மேப் திருத்தும் மென்பொருளில், ஆட்கள் போன வழியில் பதிவான ஜிபிஎஸ் தடங்களை இறக்கி, பல தடங்கள் சேர்ந்து ஓடும் கோட்டுக்குப் படத்தை நகர்த்திவிட்டு வரையலாம். ஒரே ஒரு தடத்தை நம்பக் கூடாது, அவ்வளவுதான். நேரில் போகவே முடியாத இடத்துக்கு என்ன செய்வீர்கள்? 2010 ஜனவரி 12, ஹைட்டி நிலநடுக்கம். போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு உருப்படியான தெரு வரைபடம் கையில் இல்லை. சாட்டிலைட் நிறுவனங்கள் புதிதாக எடுத்த படங்களைத் திறந்துவிட்டன. எங்கெங்கோ உட்கார்ந்திருந்த தன்னார்வலர்கள் தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் கூடார முகாம்களையும் சில நாட்களிலேயே வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிக்கொண்டு போயின.

மலைப்பாதை:
ஹைட்டியை நான் குறை சொல்லவே மாட்டேன் தம்பி. அது உயிர் போகிற அவசரம். அங்கேயும் அப்புறம் ஆட்கள் நேரில் போய் உள்ளூர்க்காரர்களுக்கு மேப்பிங் சொல்லிக்கொடுத்தார்கள். நடந்துபோகக்கூடிய ஊரை நாற்காலியை விட்டு எழாமல் வரைவதைத்தான் ஏற்க மாட்டேன். மரத்தடியில் மறையும் ரோடு முடிகிறதா திரும்புகிறதா, ஒருவழிப் பாதையா, கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார்களா, எதுவும் மேலிருந்து தெரியாது.

தெருவோரன்:
ஃபைஸ்ட் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் மறுபடி போட்டால் மறுபடி நீக்குவார்கள். பெயர்ப்பலகைகளை நானே போய்ப் படம் எடுத்துவிட்டு எழுதுகிறேன். மேப்பிலரியில் மற்றவர்கள் ஏற்றிய தெருப் படங்களைப் பார்த்து எழுதலாமா, அதற்கும் தடையா?

நிலவளவை:
தாராளமாக எழுதலாம், மேப்பிலரி அனுமதி கொடுத்திருக்கிறது. சேஞ்ச்செட்டில் ஆதாரம் கேட்கும் இடத்தில் அதைக் குறிப்பிடுங்கள். படம் எடுத்த தேதியையும் பாருங்கள், பலகை மாறியிருக்கலாம்.