கலைச்சொல்: கரைதகடு

அனைவருக்கும் வணக்கம். உடலில் தானே கரைந்துபோகும் அறுவைப் பொருள்களுக்கான நம் கலைச்சொல் பட்டியலில், resorbable plate என்பதற்கு 'உறிஞ்சும் தகடு' என்று இருப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

மூளை அறுவைக்காகத் திறந்த மண்டையோட்டு எலும்பைத் திரும்பப் பொருத்தச் சிறு தகடும் திருகாணியும் வைக்கிறார்கள். வழக்கமாக டைட்டானியம். குழந்தைக்கு அது சரிவராது. வளரும் மண்டையோட்டில் வெளிப்பக்கம் எலும்பு படியும், உட்பக்கம் அரியும். வெளியே பூட்டிய உலோகம் நாளடைவில் உள்ளே போய்விடும். அதனால்தான் பாலிலாக்டிக், பாலிகிளைகாலிக் அமிலத் தகடுகள். எலும்பு கூடும்வரை பிடித்திருந்து, உடலின் ஈரத்தால் இழை இழையாக அறுபட்டு, கடைசியில் கரியமில வாயுவும் நீருமாகிவிடும். கலவையைப் பொறுத்து ஓராண்டும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம்.

இதை 'உறிஞ்சும் தகடு' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உறிஞ்சும் பஞ்சு என்றால் உறிஞ்சுவது பஞ்சு. இங்கே உறிஞ்சுவது உடலல்லவா? 'உறிஞ்சப்படும் தகடு' பொருளில் சரி, வாயில் நிற்காது. 'மக்கும்' என்பது குப்பைக்குப் பழகிய சொல். பிள்ளையின் தலையில் மக்கும் பொருளை வைக்கிறோம் என்று பெற்ற தாயிடம் எப்படிச் சொல்வது?

என் பரிந்துரை 'கரைதகடு', 'கரைதிருகு'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. கரைந்த, கரைகிற, கரையும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். இந்தத் தகட்டின் வாழ்வே அதுதானே. ஒற்று மிகாது, 'கரைத்தகடு' என்று எழுதிவிட வேண்டாம்.

உப்புக் கரைவதும் இதுவும் ஒன்றல்ல என்ற மறுப்பு நியாயமானது. ஈரத்தால் அறுபடும் அந்த வேதிவினைக்கு 'நீராற்பகுப்பு' (hydrolysis) இருக்கட்டும். ஆனால் தமிழில் கட்டி கரைகிறது, வீக்கம் கரைகிறது. தையல் போட்டவரும் "பிரிக்க வேண்டாம், தானே கரைஞ்சிடும்" என்றுதான் சொல்கிறார். மக்கள் ஏற்கெனவே தேர்ந்துவிட்ட வினை இது. நூலுக்கு மட்டும் 'கரையும் நூல்' என்றே விடலாம். 'கரைநூல்' என்றால் வேட்டிக்கரை நினைவுக்கு வரும்.

மூளை வீக்கத்துக்காக எடுத்துவைத்துப் பின்னர் பொருத்திய சொந்த எலும்பே சிலருக்குத் தேய்ந்து மெலிவதுண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை, resorb. தகடு கரைவது நோக்கம், எலும்பு தேய்வது சிக்கல். அதற்கு மண்ணரிப்பு போல 'எலும்பரிப்பு' என்று தனிச்சொல் வைப்போம்.

பட்டியலிலிருந்து எலும்பு மெழுகையும் நீக்கிவிடுங்கள். 1892இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி எழுதிய காலந்தொட்டு எலும்பின் இரத்தக்கசிவை அடைக்கப் பயன்படுவது அது. மெழுகு என்றதும் உருகிவிடும் என்று தோன்றும். ஆனால் அதன் முக்கியப் பொருளான தேன்மெழுகு உடலில் கரையாது. எலும்பு கூடுவதையும் தடுக்கும்.