கல்லூரி முடிந்த பிறகும் சொராரிட்டியில் தொடர்வது எப்படி?

கேள்வி:
அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணக்கியலில் பட்டம் பெற்று, வேலைக்காக வேறு மாநிலத்திற்குக் குடிபெயரவிருக்கிறேன். என் சொராரிட்டி (கல்லூரி மாணவியர் சகோதரிச் சங்கம்), 1902இல் உருவான நேஷனல் பான்ஹெலனிக் கான்பரன்ஸ் என்னும் சொராரிட்டிகளின் கூட்டமைப்பில் உறுப்பு வகிக்கிறது. நான் செல்லும் நகரில் எங்கள் கல்லூரிச் சாப்டர் (கிளை) எதுவும் இல்லை. சந்தா செலுத்துவதோடு நின்றுவிடாமல் உண்மையாகவே பங்கேற்க வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. அலம்னே (முன்னாள் மாணவியர்) சாப்டர் என்பது கல்லூரியைச் சார்ந்ததன்று, ஊரைச் சார்ந்தது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தவராயினும் அந்த ஊரில் வசிப்பவர் அதில் இணையலாம். புதிய முகவரியை முதலில் தலைமையகத்தில் பதிந்துவிடுங்கள். உங்கள் அமைப்புக்கு அங்கே கிளை இல்லையென்றால், அலம்னே பான்ஹெலனிக் சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வெவ்வேறு சொராரிட்டிகளின் முன்னாள் மாணவியர் ஒன்றுகூடும் இச்சங்கங்கள் பல, கல்வி உதவித்தொகைக்கு நிதி திரட்டுகின்றன.

மறுமொழி 2:
மாணவியருக்கு ஆலோசகராகப் பணியாற்றவே பலரும் முதலில் விரும்புவர். ஆனால் நேற்றுவரை உடன் தங்கியிருந்த தோழியிடம் விதிமுறையை எடுத்துச் சொல்வது எளிதன்று என்பதால், சில ஆண்டுகள் பொறுப்பதோ, வேறொரு கல்லூரியின் சாப்டரைத் தேர்ந்தெடுப்பதோ நல்லது. உங்கள் படிப்புக்கு அதைவிடப் பொருத்தமானது ஹவுஸ் கார்ப்பரேஷன் குழு. சொராரிட்டி இல்லத்தின் வாடகை, காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் இக்குழுவில் கணக்கறிந்தவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு. பகட்டில்லாத வேலை என்பதால் போட்டியும் குறைவு. எந்தப் பொறுப்பை ஏற்றாலும், புதிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவியருடையது, அதில் தலையிடாதீர்கள்.

மறுமொழி 3:
கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகளைக் கவனித்தால் இக்கேள்வியே வேறுவிதமாகத் தோன்றும். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908இல் தோன்றிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவிலும், 1913இல் தோன்றிய டெல்டா சிக்மா தீட்டாவிலும் பட்டம் பெற்ற பிறகே சேருகிறவர்களும் உண்டு. அங்கே உறுப்புரிமை வாழ்நாள் கடமையாகவே கருதப்படுகிறது. 1986இல் ஹோவர்டில் பட்டம் பெற்ற கமலா ஹாரிஸ் 2020இல் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சகோதரிகள் பெருந்திரளாக அவருக்குத் துணைநின்றதை நாம் கண்டோம். என் கருத்தில், பழைய நட்பைப் புதுப்பிக்கும் விருந்துகளைவிடச் சேவைப் பணியே ஒருவரை நெடுங்காலம் பிணைத்து வைக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஹவுஸ் கார்ப்பரேஷன் கூட்டங்களில் வெளிமாநிலத்திலிருந்து இணையவழியாகக் கலந்துகொள்ள இயலுமா?

மறுமொழி 2:
பல குழுக்களில் இயலும். இல்லத்தை நேரில் பார்வையிட வேண்டிய பொறுப்பைத் தவிர்த்துப் பொருளாளர் பொறுப்பைக் கேளுங்கள்.