நைல் நதியில் நான்கு இரவு: முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஈரோட்டுக்காரன்:
வணக்கம். வரும் ஜனவரியில் அம்மா (68 வயது), மனைவி, நான் மூவரும் எகிப்து போவதாக இருக்கிறோம். கெய்ரோவில் இரண்டு நாள், அப்புறம் லக்சரில் கப்பல் ஏறி நான்கு இரவு கழித்து அஸ்வானில் இறங்குவது. ஏஜென்ட் கொடுத்த திட்டம் இதுதான். அம்மாவுக்கு வலது முழங்கால் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் கைப்பிடி வேண்டும். சைவம், முட்டைகூடக் கிடையாது. பேசாமல் காரிலேயே போய்விடலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவோ, "தண்ணியில போறதுன்னா வரேன், இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மதகடி:
தம்பி, அம்மா சொல்வதுதான் சரி. கார் என்றால் ஊருக்கு ஊர் பெட்டி கட்ட வேண்டும். கப்பலில் கட்டிலே கூட வருகிறது. பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் மதகும் மடையுமாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். முழங்கால் அறுவை முடிந்த மனைவியோடு போய் வந்தேன். அதனால் உங்கள் கவலை புரிகிறது.

ஏஜென்ட் சொல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். நான்கு இரவு என்றால் நான்கு இரவும் கப்பல் ஓடாது. முதல் இரவு லக்சர் கரையில், கடைசி இரவு அஸ்வான் கரையில். நடுவிலும் பாதி தூரத்தை நாம் தூங்கும்போது கடந்துவிடும். எங்கள் கப்பல் வழியில் உள்ள எஸ்னாவிலிருந்து எட்ஃபூவுக்கு ராத்திரியில் போனது. நான் கண்டது கரையில் நாலு விளக்கு. மறுநாள் எட்ஃபூவிலிருந்து கோம் ஓம்போ வரை பகலில் போனபோதுதான் கொடுத்த காசு செரித்தது. கரையை ஒட்டி ஈச்சமரம், கரும்பு, எருமை, மோட்டார் பம்ப்செட். அதற்குப் பின்னால் சட்டென்று மொட்டை மலை. பச்சை எங்கே முடிந்து மணல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டலாம். ஆகவே, எந்தெந்த மணிக்கு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ஓடும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோயில் விவரம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும், இது கிடைக்காது.

அடுத்தது அறை. "ஆற்றைப் பார்த்த அறை" என்று சொல்லித்தான் எங்களிடம் பணம் வாங்கினார்கள். கரையில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஐந்தாறு வரிசையாகக் கட்டுகிறார்கள். காலையில் திரையை விலக்கினால் இரண்டடி தூரத்தில் ஒரு வெள்ளைக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவரும் கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். கரைக்கு இறங்க, அடுத்தடுத்த கப்பல்களின் வரவேற்புக் கூடங்கள் வழியாகவே நடந்து போக வேண்டும். அம்மாவுக்குச் சிரமம் இங்கேதான். ஒவ்வொரு கப்பலுக்கும் நடுவே ஒரு பலகை, ஒரு வாசற்படி. ஊழியர்கள் கை கொடுப்பார்கள், கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள், பல கப்பல்களில் இல்லை. அடித்தள அறை வேண்டவே வேண்டாம். ஜன்னல் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், படியும் அதிகம்.

எட்ஃபூ கோயிலுக்குக் குதிரை வண்டியில் கூட்டிப்போவார்கள். படி உயரம், குதிரைகளைப் பார்த்தாலும் பாவமாக இருக்கும். கார் கேட்டு வாங்குங்கள். லக்சரில் உள்ள மன்னர்களின் பள்ளத்தாக்கில் சாதாரண டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். அம்மாவுக்கு நான்காம் ராம்சேஸ் கல்லறை ஒன்று போதும். படி படியாக இறங்காமல் நீளமான சரிவாகப் போகிறது, கூரையில் ஓவியம் அப்படியே இருக்கிறது. துட்டன்காமன் கல்லறைக்குத் தனி டிக்கெட். 16 படி இறங்கினால் சின்ன அறைதான், ஆனால் 1922-ல் கண்டெடுத்த அந்தக் கல்லறையில், சிறுவயதில் மன்னனான அந்தப் பையனின் உடல் இன்னமும் அங்கேயே இருக்கிறது. மூன்றாம் துட்மோஸ் கல்லறைப் பக்கம் போக வேண்டாம், ஏணி போன்ற படிக்கட்டு.

இப்போது என் தொழில். எஸ்னாவில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை. பக்கத்தில் கப்பலை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் தொட்டி. முன் கதவும் பின் கதவும் மூடிக்கொள்ள, தண்ணீர் நிரம்ப நிரம்பக் கப்பல் தானாக மேலே எழும்புகிறது. இரண்டு பக்கச் சுவரும் கையெட்டும் தூரத்தில். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள், நான் கடைசிவரை மேல்தளத்தில் நின்றேன். முறை வரும்வரை காத்திருக்கும்போது சின்னப் படகுகளில் வியாபாரிகள் சூழ்ந்துகொள்வார்கள். மேசை விரிப்பு, நீள அங்கி என்று பிளாஸ்டிக் பையில் சுருட்டி நான்கு மாடி உயரத்துக்கு வீசுகிறார்கள், குறி தப்புவதில்லை. வேண்டாம் என்றால் திருப்பி எறியலாம். வேண்டும் என்றால் பணத்தை அதே பையில் போட்டு எறிய வேண்டும். என் மனைவி கீழே இருந்தவரிடம் பத்து நிமிடம் பேரம் பேசினாள், இருவருக்கும் பொது மொழி கிடையாது.

லக்சரிலிருந்து அஸ்வான் போவது தெற்கே, ஆனால் ஆற்றை எதிர்த்து. நைல் வடக்கே ஓடுகிறது, காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது. அந்தக் கால எகிப்தியர்கள் மேலே போகப் பாய் விரித்தார்கள், கீழே வர ஓட்டத்தோடு விட்டுவிட்டார்கள். அவர்களின் சித்திர எழுத்தில் "தெற்கே போ" என்பதற்குப் பாய் விரித்த படகு, "வடக்கே போ" என்பதற்குப் பாய் இல்லாத படகு. இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

கோம் ஓம்போவில் எல்லோரும் முதலைக் கடவுளையும் பாடம் செய்த முதலைகளையும் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் கோயில் வளாகத்துக் கிணற்றையும் பாருங்கள். வெள்ளம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்த இடம், அதை வைத்துத்தான் அந்த வருட வரி. 1970-ல் அஸ்வான் பெரிய அணை முடிந்தபிறகு கீழே வெள்ளமும் இல்லை, வண்டலும் இல்லை. மேட்டூரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நீளமான அணை. அதன்மேல் நின்று மகிழ்வதா, அந்த வண்டலுக்காக வருந்துவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மலையைக் குடைந்த அபு சிம்பல் கோயில் அஸ்வானிலிருந்து சாலை வழியே 280 கிலோமீட்டர், விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். அம்மாவை அன்று கப்பலில் ஓய்வெடுக்க விடுங்கள். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம், ஜனவரியில் பொழுது சாய்ந்ததும் மேல்தளத்தில் குளிர் பிடித்துக்கொள்ளும்.

தோகா மீனா:
சாப்பாடு நான் சொல்கிறேன். காலையில் ஃபூல் (மொச்சை வகைப் பருப்பு மசியல்), தஅமிய்யா (நம் வடைக்குச் சொந்தக்காரி, உள்ளே பச்சை நிறமாக இருக்கும்). கரையில் இறங்கினால் குஷரி: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே வறுத்த வெங்காயம். மூன்றுமே சைவம். முலூகிய்யா என்ற கீரைக் குழம்பில் மட்டும் ஏமாறாதீர்கள், பெரும்பாலும் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்வது. கறித்துண்டை எடுத்துவிட்டு "சைவம்" என்று நீட்டுபவர்களும் உண்டு. "மின் கேர் லஹ்மா, மின் கேர் ஃபிராக், மின் கேர் பேத்" என்று சொல்லப் பழகுங்கள். கறி இல்லாமல், கோழி இல்லாமல், முட்டை இல்லாமல். தயிருக்கு "ஸபாதி" என்று கேளுங்கள், கெட்டியாக நன்றாக இருக்கும். அம்மா ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்தால் தயிர்சாதம் ஆயிற்று.

இன்னொன்று. தஹபிய்யா என்று இரட்டைப் பாய்மரப் படகு உண்டு, ஏழெட்டு அறைதான், எஞ்சின் கிடையாது. காற்று விழுந்தால் இழுவைப் படகு இழுத்துப்போகும். நான் போனது அதில்தான். பெரிய கப்பல்கள் நிற்காமல் கடந்துபோகும் ஜெபல் சில்சிலா கல்குவாரியில் எங்களை இறக்கிவிட்டார்கள். லக்சரின் கர்னாக் கோயிலுக்குக் கல் வெட்டிய இடம், உளித் தடம் அப்படியே இருக்கிறது. ஆனால் கரையில் ஒற்றைப் பலகையில் இறங்க வேண்டும். அம்மாவோடு வேண்டாம்.

பானையோடு:
ஒரு துணுக்கு. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிக்கே என்ற பழைய துறைமுகத்தில் இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அதே கரையில் உள்ள குசைரில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் எழுத்தில் "பானை ஒறி" என்று கீறியிருக்கிறார்கள், நம் உறிதான். அந்தக் காலத்தில் செங்கடல் துறைகளில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, லக்சருக்கு வடக்கே உள்ள கிஃப்ட்டில் படகேறி, நைல் வழியே அலெக்சாண்ட்ரியா போனது.

ஈரோட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஓடும் நேரத்தை ஏஜென்டிடம் கேட்டேன், "அது கேப்டன் இஷ்டம் சார்" என்றார். எழுதித் தராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொன்னதும் மாலைக்குள் அட்டவணை வந்துவிட்டது. எட்ஃபூவிலிருந்து கோம் ஓம்போ பகல்தான். லிஃப்ட் உண்டு, அறை மூன்றாம் தளம். அம்மாவிடம் உறிக் கதையைச் சொன்னேன். எகிப்தை விட்டுவிட்டு, பாட்டி வீட்டு உறி யாரிடம் போனது என்று சித்திக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.