எலியான் படத்தை மாணவர்களுக்குக் காட்டலாமா?

அஸ்தம்பட்டி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் மேல்நிலை மாணவர்களுக்குச் செய்திப் படங்களைக் கூர்ந்து பார்ப்பது பற்றி ஒரு வகுப்பு எடுக்கவிருக்கிறேன். 2000 ஏப்ரல் 22 விடியற்காலையில் மயாமியில் ஆலன் டயஸ் எடுத்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற படத்தில் தொடங்க விரும்புகிறேன். தலைக்கவசமும் துப்பாக்கியுமாக எல்லைக் காவல் வீரர் ஒருவர் நிற்க, துணி அலமாரிக்குள் ஒருவரின் கைகளில் ஆறு வயது எலியான் கொன்சாலஸ் மிரண்டு அழுகிறான். கியூபாவிலிருந்து படகில் வரும்போது தாயைக் கடலுக்குப் பறிகொடுத்தவன்; தந்தை அவனைத் திரும்பக் கேட்டார், மயாமி உறவினர்கள் அனுப்ப மறுத்தார்கள்; அதனால் அமெரிக்க அரசு ஆயுத வீரர்களை அனுப்பி, அவர்கள் வீட்டிலிருந்து அவனை அழைத்துச் சென்றபோது எடுத்த படம் இது. அழும் குழந்தையின் முகத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாடம் நடத்துவது முறைதானா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்கிறார். உங்கள் கருத்து என்ன?

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:
காட்டுங்கள் அம்மா, ஆனால் அதை மட்டும் தனியாகக் காட்டாதீர்கள். அன்றைக்கே, ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் தந்தையின் அணைப்பில் எலியான் சிரிக்கும் படமும் வெளியானது. அரசின் நடவடிக்கையை எதிர்த்தவர்கள் முதல் படத்தையும், பிள்ளை தந்தையிடமே சேர வேண்டும் என்றவர்கள் இரண்டாவது படத்தையும் உயர்த்திப் பிடித்தார்கள். சிரிக்கும் படம் ஒட்டுவேலை என்றுகூடச் சிலர் குற்றம் சாட்டினார்கள். நான் பல ஆண்டுகள் பத்திரிகைப் பக்க வடிவமைப்பில் இருந்தவன். எந்தப் படம் நான்கு பத்தி அகலம், எந்தப் படம் ஒரு பத்தி அகலம் என்று முடிவாகும்போதே பக்கச் சார்பு தொடங்கிவிடுகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். முதல் படத்தை எடுத்தவர் அந்த வீட்டுக்குள் நின்ற செய்தி நிறுவனப் புகைப்படக்காரர், இரண்டாவது தந்தை தரப்பு வழக்கறிஞர் வழியாக வந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். வீரரின் விரல் விசையில் இல்லை என்று அரசுத் தரப்பு அப்போது வாதிட்டது. மாணவர்கள் அந்தக் கையை உற்றுப் பார்க்கட்டும், அதன் பிறகு குழந்தையின் முகத்தையும் பார்க்கட்டும். விரல் எங்கிருந்தாலும் அந்தக் குழந்தையின் அச்சம் குறையவில்லை.

ஏற்காட்டிலிருந்து ஒருவர்:
முந்தைய பதிலோடு உடன்படுகிறேன், ஆனால் முகத்தைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. நம் நாட்டில் 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74 ஆம் பிரிவில், குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மாணவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். எலியான் இன்று வளர்ந்து, 2023 இல் கியூபாவின் தேசிய சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தன்னைப் பற்றித் தானே பேசக்கூடியவர் என்பதால் அவர் படத்தைக் காட்ட எனக்குத் தயக்கமில்லை. விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனுக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. 2013 பிப்ரவரியில் வெளியான படங்களில், பதுங்குகுழி ஒன்றில் தின்பண்டத்தோடு அமர்ந்திருக்கும் அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன், அடுத்த படத்தில் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடக்கிறான். சிறுவனைப் பிடித்துவைத்துச் சுட்டுக் கொன்றதாக எழுந்த குற்றச்சாட்டை இலங்கை ராணுவம் மறுத்தது. தமிழகத்தில் அடுத்த மாதமே கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நம் பிள்ளைகள் இந்தப் படங்களைச் சுவரொட்டிகளிலும் கைபேசியிலும் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள் என்பதால், பேசாமல் கடந்துபோவது சரியாகாது. அமர்ந்திருக்கும் படம் ஒன்றே போதும். மற்றதை வகுப்பறையில் காட்டாதீர்கள்.

அஸ்தம்பட்டி ஆசிரியை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எலியானின் இரண்டு படங்களையும் ஒரே அளவில் அச்செடுத்து, படக்குறிப்பை மறைத்துக் கொடுக்கப் போகிறேன். பாலச்சந்திரன் படத்துக்கு அடுத்த வாரம் ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்கித் தருமாறு தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.